பாவப் பட்டியலில் இல்லாத பாவம்

(விழுப்புரத்தில் நடந்த ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமின்மையால் பேச்சில் விட்டுப்போன சில தகவல்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



விசுவாசத்தை ஆழப்படுத்தும் கத்தோலிக்க நூல்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும், கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம கூட்டத்துல செபப் புத்தகமா தோழர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே இருப்பவர்களில் பலர் கடவுள் மறுப்பாளர்கள். சிலர் பௌத்தம் ஏற்றவர்கள். என்னைப் போல ஞானஸ்நானம் பெற்று, முதல் நற்கருணை வாங்கி, இன்றைக்கும் செபமாலையைத் தூக்கிப்போட மனம் வராமல் இருப்பவர்களும் ஒன்றிரண்டு பேர் இருப்பீர்கள்.

ஆனாலும் இதை இந்த ஊரில் பேசியே ஆக வேண்டும் என்று நினைத்தேன். காரணம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் திண்டிவனம். நமக்கு அது பேருந்து மாறும் ஊர். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு அது புத்தகத்தின் ஊர். தமிழக ஆயர் பேரவையின் விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் அங்கேதான் இருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து செய்து, 1995-ல் வெளிவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பைக் கத்தோலிக்க வீடுகளில் திறந்தால், முதல் பக்கங்களில் திண்டிவனம் என்ற பெயர் இருக்கும். ஒரு கத்தோலிக்கக் குழந்தை எதைப் பாவம் என்று கற்கிறது, எதைப் புண்ணியம் என்று கற்கிறது என்பதில் நம் மாவட்டத்து ஊர் ஒன்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். உளுந்தூர்பேட்டைக்கு அருகே உள்ள எறையூர். இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம். 2019 வரை விழுப்புரம் மாவட்டம். மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலுக்கு 2023-ல் சீல் வைத்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எறையூர் செபமாலை அன்னை கோயிலைச் சுற்றி 2008-ல் நடந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான் என் பேச்சு இருக்கிறது. புத்தகம் அச்சாகும் ஊர் ஒன்று, அந்தப் புத்தகம் போய்ச் சேராத தெரு இருக்கும் ஊர் இன்னொன்று.

என் ஆயாவிடமிருந்து தொடங்குகிறேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், காலனியில் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் செபமாலையின் எல்லா மறைபொருளும் மனப்பாடம். பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் முன்பு, செபப் புத்தகத்தில் இருக்கும் ஆத்தும சோதனைக் கேள்விகளை என்னை வாசிக்கச் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். கட்டளை வாரியாகக் கேள்விகள் இருக்கும். ஞாயிறு பூசை காணாமல் இருந்ததுண்டா, பெற்றோருக்குக் கீழ்ப்படியாமல் போனதுண்டா, பொய் சொன்னதுண்டா, பிறர் பொருளை எடுத்ததுண்டா, வெள்ளிக்கிழமை மாமிசம் சாப்பிட்டதுண்டா என்று போகும். ஆயா ஒவ்வொன்றுக்கும் "உண்டு", "இல்ல" என்பார். நான் அதை மிகவும் பெருமையாகச் செய்வேன். ஒரு சின்னச் சாமியாரைப் போல.

ஒருநாள் பட்டியல் முடிந்ததும் ஆயா கேட்டார்: "ஏங்கண்ணு, எல்லாத்தையும் கேக்குது உன் பொஸ்தகம். பெரிய தெரு வழியா நம்ம பொணம் போவக் கூடாதுன்னு நிக்கிறாங்களே, அது எந்தக் கட்டளையில வருது?"

நான் திரும்பப் புரட்டினேன். பத்துக் கட்டளையையும் பார்த்தேன். திருச்சபையின் கட்டளைகளையும் பார்த்தேன். வரவில்லை. "அது இதுல இல்ல ஆயா" என்றேன். "அப்ப அவங்க அத சாமியார்கிட்ட சொல்லவே வேணாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் இன்று பேசும் எல்லாமே அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரைதான். வழிமறித்து நிற்பவர் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார். பட்டியலில் இருப்பதையெல்லாம் சொல்கிறார். மன்னிப்புப் பெறுகிறார். ஞாயிற்றுக்கிழமை சுத்தமான மனசாட்சியோடு நற்கருணை வாங்குகிறார். அவர் நடிக்கவில்லை. அவருடைய புத்தகம் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தமிழ் அச்சு வரலாற்றோடு சேர்ந்தே வருகிறது.

தமிழ் எழுத்தில் அச்சான பழைய புத்தகங்களை வரிசைப்படுத்தினால், முன்வரிசை முழுக்கக் கத்தோலிக்க பக்தி நூல்கள்தான். 1578-ல் கொல்லத்தில் 16 பக்கங்களோடு 'தம்பிரான் வணக்கம்'. 1579-ல் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1580-ல் 'கொம்பெசியோனாயரு', அதாவது பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு. 1586-ல் புனிதர்களின் கதைகள் அடங்கிய 'அடியார் வரலாறு'. முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களுக்காக இவற்றைத் தந்தவர் என்றிக்கே என்றீக்கசு என்ற போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி. ஆக, ஆயா கேட்ட அந்தக் கேள்விப் பட்டியல் தமிழில் அச்சேறி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இந்த என்றீக்கசு யார்? யூத மரபில் இருந்து கிறித்தவத்துக்கு மாறிய குடும்பத்தில் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். யூத ரத்தம் என்ற காரணத்துக்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். அதன் பிறகுதான் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. அன்றைய ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் 'ரத்தத் தூய்மை' என்று ஒரு விதி இருந்தது. நீ ஞானஸ்நானம் பெற்றிருக்கலாம், உன் அப்பனும் பெற்றிருக்கலாம், உன் பாட்டன் யார் என்று பார்ப்போம் என்பதுதான் அந்த விதி. கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் நாட்டு வர்ணத்துக்கும் குலத்துக்கும் ஐரோப்பியர் வைத்த 'காஸ்ட்' என்ற பெயரே போர்த்துகீசியரின் 'காஸ்டா'வில் இருந்து வந்ததுதான்.

கத்தோலிக்க ஆன்மிக நூல்களில் தலையானவை என்று கொண்டாடப்படுபவற்றில் ஒன்று, அவிலா நகரத்துத் தெரேசா எழுதியது. ஆன்மாவை ஏழு உள்ளறைகள் கொண்ட கோட்டையாகப் பார்க்கும் நூல். 1577-ல் எழுதினார். அவருடைய தாத்தாவும் மதம் மாறிய யூதர்தான். இரகசியமாக யூத வழக்கத்தைப் பின்பற்றினார் என்று தொலேதோ நகரத்து விசாரணை மன்றம் 1485-ல் அவரைத் தண்டித்தது. தெரேசா தான் தொடங்கிய மடங்களில் சேர வருபவர்களிடம் ரத்தத் தூய்மை கேட்கும் விதியை வைக்கவில்லை. அவர் இறந்த பிறகுதான் அவருடைய சபைக்குள் அது நுழைந்தது. இஞ்ஞாசியார் உயிரோடு இருந்தவரை இயேசு சபையும் அந்த விதியை ஏற்கவில்லை. 1593-ல் ஏற்றது. 1946-ல்தான் முழுமையாக நீக்கியது.

பிறப்பைக் கேட்காதே என்பது ஆன்மிகத்துக்கு நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் அரசியல் என்று சொல்பவர்களுக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். இந்த மரபின் ஆகப் பெரிய எழுத்தாளர்களே பிறப்பைக் கேட்கும் விதியால் அடிபட்டவர்கள். அந்த நூல்களை நமக்குக் கொடுத்தவர்கள் அந்தக் கதையை மட்டும் சொல்லாமல் விட்டார்கள்.

இங்கே என்ன நடந்தது? 1606-ல் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். பிராமணத் துறவியாக வாழ்ந்தார். பூணூல், குடுமி எல்லாம் நாட்டு வழக்கம், குலத்தின் அடையாளம், அதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை, எனவே ஒரு கிறித்தவர் அவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடினார். 1623-ல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி அதை அனுமதித்தார். பிறகு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று தனியாகப் 'பண்டார சாமிகள்' வந்தார்கள். புதுச்சேரிக்கு வந்த ரோமின் தூதர் துர்னோன், 1704-ல், பறையர் வீடுகளுக்குள் குருக்கள் போய் நோயாளிகளுக்கு அருட்சாதனம் வழங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1744-ல் 14-ஆம் பெனடிக்ட் அந்தக் கட்டளையை உறுதிசெய்தார். கூடவே, பறையர்களுக்கென்று தனிக் குருக்களை ஒதுக்கும் ஏற்பாட்டையும் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஆண்டே, 1745-ல், புதுச்சேரிக் கோயிலுக்குள் என்ன இருந்தது என்பதை ஆனந்தரங்கம் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சாதிக் கிறித்தவர்களையும் பறையர்களையும் பிரிக்கக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. பறையர்கள் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். கவனியுங்கள், 1745-லேயே நம் மக்கள் கோயிலுக்குள் சுவர் கூடாது என்று பேசியிருக்கிறார்கள். இது அம்பேத்கருக்கும் பெரியாருக்கும் முந்தைய நம்முடைய கணக்கு.

ஆயாவின் கேள்விக்கான பதில் இந்த வரலாற்றில் இருக்கிறது. சாதியை 'நாட்டு வழக்கம்' என்ற பெட்டியில் போட்டார்கள். வழக்கம் என்றால் அது பாவம் இல்லை. பாவம் இல்லை என்றால் ஆத்தும சோதனையில் வராது. ஆத்தும சோதனையில் வராத ஒன்றை யாரும் சாமியாரிடம் சொல்ல வேண்டியதில்லை. 1623-ல் பூணூலுக்காகச் செய்த வாதம் காலனித் தெருவுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கம் பூசையை லத்தீனில் இருந்து மக்கள் மொழிக்குக் கொண்டுவந்தது. விவிலியத்தை எல்லோர் கையிலும் கொடுக்கச் சொன்னது. திண்டிவனத்தின் முக்கியத்துவம் அங்கிருந்து வருகிறது. சொற்கள் எல்லாம் மாறின. சர்வேசுரன் கடவுள் ஆனார். ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. பூசை திருப்பலி ஆனது. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆனது.

இந்தக் கடைசிச் சொல்லில் கொஞ்சம் நிற்கிறேன். ஒப்புரவு வள்ளுவரின் சொல். 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஊர் முழுக்கக் குடிக்கும் நீர்நிலையை அங்கே அவர் உவமையாக வைக்கிறார். அந்தச் சொல்லுக்குள் 'ஒப்பு' இருக்கிறது. அதாவது சமம். எவ்வளவு அழகான தேர்வு! ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பொது நீரே இல்லை. காலனிக்கு ஒரு கிணறு, ஊருக்கு ஒரு கிணறு. இவ்வளவு சொற்களையும் மாற்ற முடிந்த ஒரு திருச்சபைக்கு, ஆத்தும சோதனையில் ஒரு கேள்வியைச் சேர்ப்பது கடினமா?

தெரியாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1990-ல் தமிழக ஆயர்களே தலித் கிறித்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். திருச்சபைக்குள் இருக்கும் தீண்டாமையைப் பற்றி இயேசு சபைத் துறவி அந்தோணிராஜ் செய்த கள ஆய்வு 1992-ல் மதுரையில் வெளிவந்தது. 2003 நவம்பரில், ரோமுக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் பாப்பரசர் 2-ஆம் யோவான் பவுல் நேருக்கு நேராகப் பேசினார். கிறித்தவர்களுக்குள் சாதிப் பாகுபாட்டின் சாயல் இருந்தாலும் அது உண்மையான ஆன்மிகத்துக்கே அச்சுறுத்தல் என்றார். அவர் அதை வெறும் சமூகப் பிரச்சினை என்று சொல்லவில்லை, ஆன்மிகத்துக்கு அச்சுறுத்தல் என்றார். சாதியை 'வழக்கம்' என்ற பெட்டியில் இருந்து எடுத்து 'ஆன்மா' என்ற பெட்டியில் போட்ட வாக்கியம் அது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

அதற்கு ஐந்தாம் ஆண்டில் எறையூர். தலித் கிறித்தவர்களின் சவ ஊர்வலம் பெரிய தெரு வழியாகப் போக முடியாது. கோயிலுக்குள்ளும் சமமான இடம் இல்லை. பொறுத்துப் பார்த்த மக்கள், தாங்கள் கட்டிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்கக் கேட்டார்கள். 2008 மார்ச் 9-ஆம் தேதி வன்னியக் கிறித்தவர்கள் காலனியைத் தாக்கினார்கள். வீடுகள் நொறுங்கின. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியர்கள். அந்தச் சாவுகளுக்காகவும் நான் வருந்துகிறேன். யாரையும் சுட்டுக் கொன்று சமத்துவம் வராது. ஒரு பாவத்தைப் பாவம் என்று காலத்தில் சொல்லாமல் விட்டதற்கு அந்த வீடுகளும் விலை கொடுத்தன.

அந்த மார்ச் 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் 5-ஆம் ஞாயிறு. அன்றைய திருப்பலியின் நற்செய்தி, இறந்து நான்கு நாளான லாசரை இயேசு கல்லறையில் இருந்து அழைக்கும் பகுதி. இயேசு கண்ணீர் விடும் பகுதியும் அதுதான். இந்தப் பகுதி வாசிக்கப்பட்ட நாளில், பிணம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற சண்டை ரத்தத்தில் முடிந்தது.

இப்போது புத்தகத்துக்குத் திரும்புகிறேன். சாதியைப் பற்றிப் பேசினால் உடனே ஒரு பதில் வரும்: "கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியிருக்கிறாரே." ஆமாம், எழுதியிருக்கிறார். எறையூரிலும் அது வாசிக்கப்பட்டிருக்கும். பொதுவாகச் சொல்லும் சமத்துவம் யாரையும் சுடாது. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வழக்கமான இடத்தில் போய் உட்காரலாம்.

அதே திருவிவிலியத்தில் யாக்கோபு எழுதிய திருமுகத்தின் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் கூடும் இடத்துக்குப் பொன்மோதிரம் போட்ட ஒருவரும் அழுக்குத் துணி உடுத்திய ஏழை ஒருவரும் வருகிறார்கள். முதலாமவருக்கு நல்ல இருக்கை தருகிறீர்கள். ஏழையை அங்கே நில் என்கிறீர்கள், இல்லையென்றால் என் கால்மாட்டில் உட்கார் என்கிறீர்கள். இப்படி ஆள் பார்த்து நடந்தால் நீங்கள் செய்வது பாவம் என்கிறார் யாக்கோபு. அவர் பொதுவாகப் பேசவில்லை. யார் எங்கே உட்காருகிறார்கள் என்று கேட்கிறார். ஆயா கேட்ட மாதிரியே கேட்கிறார். பத்து வயதில் எனக்கு இது தெரிந்திருந்தால், "யாக்கோபு ரெண்டுல வருது ஆயா" என்று சொல்லியிருப்பேன். திண்டிவனத்துப் புத்தகத்தில் பதில் இருந்தது. என் கையில் இருந்த கேள்விப் பட்டியலுக்கு அது வந்து சேரவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் வீடுகளில் இருந்த ஆன்மிக நூல்களில் புகழ்பெற்றது 'கிறிஸ்துநாதர் அநுசாரம்'. 15-ஆம் நூற்றாண்டில் தாமஸ் கெம்பிஸ் எழுதியதன் தமிழ். தாழ்ச்சி, உலக வெறுப்பு, அவமானத்தைப் பொறுத்தல் எல்லாம் அதில் பெரிய புண்ணியங்கள். மடத்தில் இருந்த துறவி ஒருவர், மடத்தில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. விட்டுக்கொடுக்க ஏதாவது வைத்திருப்பவரிடம் தாழ்ச்சியைப் போதிக்கலாம். காலனியில் அதே பக்கத்தை வாசித்தால் என்ன ஆகும்? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துப் பழகியவரிடம் இன்னும் தாழ்ந்து போ என்று சொன்னதாக ஆகும். ஒரே புத்தகம், இரண்டு தெருவில் இரண்டு வேலை செய்கிறது. புத்தகத்தைக் கொளுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தெருவில் நின்று வாசிக்கிறோம் என்று கேட்காமல் வாசிக்கக் கூடாது என்கிறேன்.

பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியரஸ் இதைத்தான் செய்தார். விடுதலை இறையியல் என்ற பெயரை உலகறியச் செய்த அவருடைய நூல் 1971-ல் வந்தது. அதன் பிறகு 1983-ல் ஆன்மிகத்தைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். நம் சொந்தக் கிணற்றில் இருந்தே குடிக்கிறோம் என்பது தலைப்பு. 12-ஆம் நூற்றாண்டுத் துறவி பெர்னார்துவின் சொல்லில் இருந்து எடுத்தது. ஏழைகள் தங்கள் துன்பத்திலும் போராட்டத்திலும் கடவுளைக் கண்ட அனுபவமே அவர்களுடைய கிணறு, பிறர் கிணற்றில் இருந்து அவர்கள் இரவல் வாங்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாத மக்களுக்கு இந்த உவமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்படி நம் கிணற்றில் இருந்து வந்த புத்தகம் 1992-ல் வெளியான பாமாவின் 'கருக்கு'. பல்கலைக்கழகங்களில் அதைத் தலித் தன்வரலாறு என்று பாடம் வைத்திருக்கிறார்கள். சரிதான். ஆனால் இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். பக்தியுள்ள ஒரு சிறுமி, ஏழைப் பிள்ளைகளுக்காக வாழ வேண்டும் என்று கன்னியர் மடத்துக்குப் போன ஒரு பெண், அந்த மடத்துக்குள் சாதியையும் வசதியையும் பார்த்துவிட்டு வெளியே வருகிறார். மனசாட்சியை நேர்மையாகச் சோதித்துப் பார்த்த புத்தகம் அது. என் கணக்கில் தமிழில் வந்த முக்கியமான கத்தோலிக்க ஆன்மிக நூல்களில் 'கருக்கு' ஒன்று. தியானக் கூட்டங்களுக்குப் போகும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். அந்தச் சுளிப்பும் ஆத்தும சோதனைக்கு உரியதுதான்.

இப்போது நம் தோழர்களின் கேள்விக்கு வருகிறேன். "இவ்வளவு தெரிந்தும் ஏன் உள்ளே இருக்கிறீர்கள்? வெளியே வந்துவிட வேண்டியதுதானே?"

வெளியே வருபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். முதலாவது, எண்ணிக்கை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அப்போது வந்தது. அதாவது, இது நாம் கட்டிய வீடு. முதல் தலித் கர்தினால், ஐதராபாத்தின் அந்தோணி பூலா, 2022-ல்தான் வந்தார். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கில் நடக்கும் பாகுபாட்டுக்கு எதிராக மக்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025-ல் அங்கிருந்து நோட்டீஸ் வாங்கியிருக்கிறார்கள். இவர்கள் யாரும் விசுவாசம் குறைந்து போராடவில்லை. விசுவாசம் இருப்பதால்தான் போராடுகிறார்கள்.

இரண்டாவது, அம்பேத்கர். 1936-ல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதி மனதில் நிற்கிறது, அந்த மனதைப் புனித நூல்கள் தாங்கிப் பிடிக்கின்றன என்று காட்டினார். சமபந்தி போதாது, நூலின் புனிதத்தைக் கேள்வி கேள் என்றார். அதோடு அவர் நிற்கவில்லை. தன் மக்கள் கையில் கொடுக்கத் தானே ஒரு நூல் எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்', அவர் இறந்த பிறகு 1957-ல் வெளிவந்தது. 1956-ல் நாக்பூரில் 22 உறுதிமொழிகள் கொடுத்தார். மனிதர் எல்லோரும் சமம் என்று நம்புவதும், சமத்துவத்தை நிலைநாட்ட உழைப்பதும் அந்த உறுதிமொழிகளில் இருக்கின்றன. விசுவாசத்துக்குள் நுழையும் வாசலிலேயே சாதியை நிறுத்திக் கேள்வி கேட்டார். பக்திப் புத்தகம் எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மில் பலருக்குத்தான் அது சில்லறை விஷயமாகத் தெரிகிறது.

கத்தோலிக்கருக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவு, மெழுகுதிரி ஏந்தி நிற்கும் மக்களிடம் குரு திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கச் சொல்வார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார். விட்டுவிடுகிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அவனுடைய செயல்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று கேட்பார். அதற்கும் விட்டுவிடுகிறோம் என்பார்கள். 2008 மார்ச் 22 இரவும், எறையூர் நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத அந்த இரவும், தமிழ்நாடு முழுக்க இந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அந்தச் செயல்களில் ஒன்றின் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால்?

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஆத்தும சோதனை அச்சாகும் ஒவ்வொரு செபப் புத்தகத்திலும் இந்தக் கேள்விகள் வர வேண்டும்: சாதி பார்த்து இருக்கை ஒதுக்கினாயா? சவ வண்டியை மறித்தாயா? கல்லறையில் சுவர் வைத்தாயா, வைத்த சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாயா? சாதி கேட்டு மகளின் திருமணத்தைத் தடுத்தாயா? மறைக்கல்வி வகுப்பில் யாக்கோபின் 2-ஆம் அதிகாரத்தை நம் ஊர்த் தெருவின் பெயரோடு சேர்த்து நடத்த வேண்டும். பெரிய சனி இரவில் சாதியை விட்டுவிடுகிறீர்களா என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தயங்குபவர்கள் தயங்கட்டும். அந்தத் தயக்கத்தை ஊரே பார்க்கட்டும்.

இங்கே இருக்கும் கிறித்தவ இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவின், ஆயாவின் செபப் புத்தகத்தை எடுத்து அந்தப் பட்டியலை வாசியுங்கள். இல்லாத கேள்வியைப் பேனாவால் ஓரத்தில் எழுதுங்கள். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் உங்கள் பங்குச் சாமியாரிடம் அதைக் காட்டிக் கேளுங்கள். கிறித்தவர் அல்லாத தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். எறையூரையும் கோட்டப்பாளையத்தையும் "அது அவங்க மத விவகாரம்" என்று ஒதுக்காதீர்கள். மேல்பாதிக்குக் கொடுத்த அதே குரலை அங்கேயும் கொடுங்கள்.

ஆயா 2011-ல் இறந்தார். கையில் செபமாலையைச் சுற்றித்தான் பெட்டியில் வைத்தோம். சவ வண்டி ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனது. மழைக்காலம். வண்டி இரண்டு இடத்தில் சேற்றில் இறங்கி, தூக்கிவிட்டுத்தான் கொண்டுபோனோம். பெரிய தெரு வழியாகப் போயிருந்தால் ஐந்து நிமிட நடை.

அவருடைய புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. ஆத்தும சோதனைப் பக்கத்தின் ஓரத்தில் அவருடைய கேள்வியை என் கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அது அச்சில் வரும் வரைக்கும் அங்கேயே இருக்கும்.

ஜெய்பீம்.